பெட்ரோலை நேரத்தால் அளந்த கதை

பெட்ரோல் கார் இன்ஜினுக்கு எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கு இரண்டே நிலைகள்: மூடியிருக்கும், அல்லது திறந்திருக்கும். உள்ளே ஒரு மின்காந்தச் சுருள். அதில் மின்சாரம் பாய்ந்தால் ஊசி ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீட்டர் மேலே எழும்பும். மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் அதைக் கீழே அழுத்தி மூடிவிடும். பாதி திறப்பது என்ற பேச்சே இல்லை. எவ்வளவு பெட்ரோல் போயிற்று என்று அளக்கும் கருவி இன்ஜெக்டரிலும் கிடையாது, அதை ஆட்டுவிக்கும் மின்னணுப் பெட்டியான ஈ.சி.யூ.விலும் கிடையாது. ஈ.சி.யூ. அளப்பது நேரத்தை மட்டும். இத்தனை மில்லி விநாடி திறந்து வைத்தேன், இத்தனை மில்லிகிராம் போயிருக்கும் என்று அது நம்புகிறது.

டர்போ காரில் பெரிய இன்ஜெக்டர் போட்டால் மறுபடி ட்யூனிங் செய்தே ஆக வேண்டும் என்று சொல்வதற்கு இந்த நம்பிக்கைதான் காரணம். பத்து எண்ணினால் குடம் நிறையும் என்று பழகிய வீட்டில் யாரோ பெரிய குழாயை மாட்டிவிட்டால், பத்து எண்ணி முடிப்பதற்குள் தண்ணீர் வழிந்து வாசலுக்கு வந்துவிடும். எண்ணியவர் மேல் தவறில்லை. குழாய் மாறியதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. இன்ஜெக்டரை மாற்றுவதும் கணக்கை மாற்றுவதும் ஒரே வேலை என்பது என் உறுதியான கருத்து. முதலாவதை இன்று செய்து இரண்டாவதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடுகிறவர், நல்ல இன்ஜினை வீணாய்ப் பணயம் வைக்கிறார்.

நேரத்தால் பெட்ரோலை அளக்கும் யோசனை 1950களில் அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனத்தில் உருவானது. அதற்கு முன்பும் பெட்ரோல் இன்ஜெக்ஷன் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பறந்த டெய்ம்லர் பென்ஸ் விமான இன்ஜின்களில் இருந்தது. 1954இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காரிலும் இருந்தது. ஆனால் அங்கே அளவு உலோகத்தில் இருந்தது. சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர், அது எவ்வளவு தள்ள வேண்டும் என்று தீர்மானிக்க நுணுக்கமாகக் கடைந்த பாகங்கள். அளவை மாற்ற வேண்டுமானால் லேத்துக்குத்தான் போக வேண்டும்.

பெண்டிக்ஸின் எலெக்ட்ரோஜெக்டர் இந்த அளவை உலோகத்திலிருந்து மின்துடிப்புக்கு மாற்றியது. பெட்ரோலின் அழுத்தத்தை ஒரே நிலையில் பிடித்து வைத்துக்கொண்டால், வால்வு திறந்திருக்கும் நேரமே பெட்ரோலின் அளவாகிவிடும். 1957இல் ராம்ப்ளர் ரெபல் காருக்கு இதை அறிவித்தார்கள். கார்புரேட்டருடன் 255 குதிரைத்திறன் தந்த வி8 இன்ஜினுக்கு எலெக்ட்ரோஜெக்டருடன் 288 என்றார்கள். அறிவிப்போடு சரி, அந்த வசதியுடன் ஒரு காரும் வாடிக்கையாளர் கைக்குப் போகவில்லை. அடுத்த ஆண்டு கிரைஸ்லர் நிறுவனம் தன் 300டி, டிசோட்டோ, டாட்ஜ், பிளைமவுத் கார்களில் வைத்துச் சுமார் 35 கார்களை விற்றது. அன்றைய மின்னணுப் பாகங்களுக்கு பானட்டுக்குள் இருக்கும் சூடும் ஈரமும் அதிர்வும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கார்களில் பெரும்பாலானவற்றைப் பிறகு கார்புரேட்டருக்கே மாற்றிக் கொடுத்தார்கள்.

யோசனை சரி, காலம்தான் முந்திவிட்டது. பெண்டிக்ஸின் காப்புரிமைகள் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்துக்குப் போயின. 1967இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் பாஷின் டி-ஜெட்ரானிக் வந்தது. மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்த்து எத்தனை மில்லி விநாடி என்று முடிவு செய்யும் அனலாக் பெட்டி அது. அமெரிக்காவின் புதிய புகைக் கட்டுப்பாடுகளுக்குக் கார்புரேட்டர் ஈடுகொடுக்கத் திணறியதுதான் அது வரக் காரணம். வேகத்துக்காக இன்று நாம் தட்டித் திருத்தும் இந்த அமைப்பு சுத்தமான புகைக்காக வந்தது என்பது எனக்கு எப்போதும் மரியாதை தரும் செய்தி. 2000ஆம் ஆண்டை ஒட்டி நம் ஊர்க் கார்களின் பின்பக்கத்தில் எம்.பி.எஃப்.ஐ. (சிலிண்டருக்கு ஓர் இன்ஜெக்டர்) என்ற எழுத்துகள் மின்னத் தொடங்கியதற்கும் புகைச் சட்டங்கள்தான் காரணம்.

1970களில் மற்ற துண்டுகள் வேகமாக வந்து சேர்ந்தன. எல்-ஜெட்ரானிக், உள்ளே போகும் காற்றை ஒரு தட்டின் அசைவால் அளந்தது. 1976இல் வால்வோ கார்களில் லாம்டா சென்சார் வந்து, எரிந்து முடிந்த புகையைப் பார்த்துப் பெட்ரோல் கூடுதலா குறைவா என்று சொன்னது. 1979இல் பி.எம்.டபிள்யூ. 732i காரில் பாஷின் மோட்ரானிக் வந்தது. பெட்ரோலும் இக்னிஷனும் ஒரே டிஜிட்டல் பெட்டிக்குள் அடங்கின. அனலாக் பெட்டியில் அளவை மாற்ற ரெசிஸ்டரைக் கழற்ற வேண்டியிருந்தது. இனி அது நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும் ஓர் எண்.

டர்போ தனி வழியில் வந்துகொண்டிருந்தது. சுவிட்சர்லாந்துக்காரரான ஆல்பிரட் பூச்சி 1905இலேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் கார்புரேட்டர் காலத்து டர்போ கார் எவ்வளவு சங்கடப்பட்டது என்று பார்க்க வேண்டுமானால் 1962இன் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரைப் பார்க்க வேண்டும். 3.5 லிட்டர் வி8, 215 குதிரைத்திறன், கம்ப்ரஷன் 10.25:1. டர்போ அழுத்திய காற்று சூடாகும். கம்ப்ரஷனும் அதிகம் என்பதால், பிளக் பற்றவைத்த தீ போய்ச் சேருமுன்னே சிலிண்டரின் மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பது இதைத்தான். அதைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து தெளித்தார்கள். தொட்டி காலியானால், டர்போ திணிக்கும் காற்றழுத்தமான பூஸ்ட்டும் இறங்கிவிடும். பல வாடிக்கையாளர்கள் நிரப்ப மறந்தார்கள். 1963உடன் ஜெட்ஃபயர் நின்றது. டர்போவுக்கு வேண்டியிருந்தது, பூஸ்ட் ஏற ஏற நொடிக்கு நொடி பெட்ரோலையும் இக்னிஷனையும் சேர்த்துத் திருத்தும் ஒரு மூளை.

அந்த மூளையைத் தெருவில் இருப்பவர்கள் திறந்து பார்க்க வழி கிடைத்ததற்கு, என் பார்வையில், ஸ்பேர் பார்ட்ஸ் கிடங்கு ஒரு பெரிய காரணம். ஜெனரல் மோட்டார்ஸ் 1980களில் தன் கார்களின் ஈ.சி.யூ.வை ஒரு பொதுவான பெட்டியாகச் செய்தது. ஒரே பெட்டி பல கார்களுக்குப் பொருந்தும். அந்தந்தக் காருக்கான எண்கள் மட்டும் கழற்றி மாட்டக்கூடிய ஒரு சின்னச் சிப்பில் இருக்கும். பெட்டி பழுதானால் சர்வீஸ் மெக்கானிக் புதுப் பெட்டியை வாங்கி, பழையதிலிருந்து சிப்பை எடுத்து அதில் செருகிவிடுவார். ஒவ்வொரு மாடலுக்கும் தனிப் பெட்டி இருப்பு வைக்க வேண்டாம் என்ற கணக்கு அது. சிப்பைக் கழற்ற முடியும் என்றால் வேறு சிப்பையும் மாட்ட முடியும் என்பதைக் கண்டுகொள்ள ஆட்களுக்கு நேரமாகவில்லை.

இதற்கு ஏற்ற காரும் அப்போது கடையில் இருந்தது. 1986, 1987 ஆண்டுகளின் பியூக் கிராண்ட் நேஷனல்: 3.8 லிட்டர் வி6, இன்டர்கூலருடன் டர்போ, சிலிண்டருக்கு ஓர் இன்ஜெக்டர். கம்பெனிக் கணக்கில் 1987இல் 245 குதிரைத்திறன். பூஸ்ட்டைக் கொஞ்சம் ஏற்றினாலே கார் வேறு காராகிவிடும். ஏற்றியவர்களுக்குப் பெட்ரோல் போதவில்லை. பெரிய இன்ஜெக்டர் போட்டார்கள். அதற்கேற்ற சிப்பை எழுதினார்கள். இரண்டையும் ஒரே செட்டாகத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இவர்களிடம் வேர்விட்டது. இந்த இன்ஜெக்டருக்கு இந்தச் சிப், இத்தனை பூஸ்ட்டுக்கு, இந்தப் பெட்ரோலுக்கு என்று பொருத்தம் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

அந்தச் சிப் எழுதும் வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். சிப்பின் முதுகில் வட்டமான சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன் வழியே புற ஊதா ஒளியைச் சுமார் இருபது நிமிடம் பாய்ச்சினால் பழைய எண்கள் அழியும். பிறகு எழுதும் கருவியில் வைத்துப் புது எண்களைப் பதிக்க வேண்டும், ஜன்னல்மேல் வெயில் படாமல் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், காரில் செருகி ஓட்டிப் பார்க்க வேண்டும். சரியில்லையென்றால் மறுபடி அழிக்க வேண்டும். எந்த எண் எங்கே இருக்கிறது என்று கம்பெனி சொல்லித்தரவில்லை. நினைவகத்தை முழுதாக எடுத்து, இது இக்னிஷன் பட்டியலாக இருக்கலாம், இந்த ஒற்றை எண் இன்ஜெக்டர் அளவாக இருக்கலாம் என்று பிரித்துப் பிரித்துக் கண்டுபிடித்தார்கள். பாராட்டப்பட வேண்டிய உழைப்பு அது.

பியூக் பெட்டியில் ஒரு சுவர் இருந்தது. காற்றின் அளவை எட்டு பிட்டில் பதித்ததால், நொடிக்கு 255 கிராமுக்கு மேல் காற்று போனாலும் அதற்கு 255தான் தெரியும். ஏறத்தாழ 340 குதிரைத்திறனுக்கு வேண்டிய காற்று அது. அதற்கு மேல் போனால் இன்ஜின் இன்னும் மூச்சிழுக்கும், ஈ.சி.யூ.வுக்குக் கண் தெரியாது. அந்த இருட்டுப் பகுதிக்கு என்ன பெட்ரோல் வேண்டும் என்பதை ஆர்.பி.எம். பார்த்து ஊகித்துச் சிப்பில் முன்கூட்டியே எழுதி வைத்தார்கள்.

எல்லோருக்கும் இப்படிச் சிப் எழுத வாய்க்கவில்லை. அதனால் ஈ.சி.யூ.வை ஏமாற்றும் வழிகளும் வளர்ந்தன. பூஸ்ட் ஒரு படி ஏறினால் பெட்ரோல் அழுத்தத்தைப் பல படி ஏற்றும் ரெகுலேட்டர் ஒன்று. மேனிஃபோல்டில் கூடுதலாக ஓர் இன்ஜெக்டர் இன்னொன்று. மூன்றாவது வழி நன்றாக வேலை செய்வதாகத் தோன்றும், அதுதான் ஆபத்து. 1989 முதல் ஃபோர்டு மஸ்டாங் 5.0 காரில் காற்றை நிறையாக அளக்கும் மீட்டர் வந்தது. மணிக்கு 19 பவுண்டு பாய்ச்சும் இன்ஜெக்டரை எடுத்துவிட்டு 24 பவுண்டு போடுவார்கள். கூடவே, காற்றை 24க்கு 19 என்று குறைத்துச் சொல்லும் மீட்டரை மாட்டுவார்கள். காற்று குறைவென்று நம்பி ஈ.சி.யூ. குறைந்த நேரம் திறக்கும், இன்ஜெக்டர் பெரியதாகையால் பெட்ரோல் சரியாகவே போய்ச் சேரும். ஆனால் அதே காற்றுக் கணக்கை வைத்துத்தான் இக்னிஷன் டைமிங்கையும் ஈ.சி.யூ. பார்க்கிறது. சுமை குறைவென்று நம்பி ஸ்பார்க்கை முன்னதாகவே விடும். மேலே சூப்பர்சார்ஜரோ டர்போவோ காற்றைத் திணித்துக்கொண்டிருக்கும்போது ஸ்பார்க் முந்தினால் நாக்கிங். நாக்கிங் தொடர்ந்தால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும். ஒரு பொய்யைச் சமாளிக்க இன்னொரு பொய் சொன்னால், அது மூன்றாவது இடத்தில் போய்க் கடிக்கும்.

ஈ.சி.யூ.வுக்கு உண்மையைச் சொல்லும் வழியும் இன்னொரு பக்கம் வளர்ந்தது. 1986இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ஹால்டெக் போன்றவர்கள், கம்ப்யூட்டரை இணைத்து எண்களைத் திருத்தும் தனி ஈ.சி.யூ.க்களைக் கொண்டுவந்தார்கள். 2001இல் அமெரிக்காவின் புரூஸ் பௌலிங்கும் ஆல் கிரிப்போவும் மெகாஸ்க்விர்ட்டைக் கொடுத்தார்கள். பாகங்களை வாங்கி, நீங்களே சால்டரிங் செய்து ஈ.சி.யூ. கட்டிக்கொள்ளலாம். வீட்டு மேசையில் ஈ.சி.யூ. கட்டியவருக்கு அதன் ஒவ்வோர் எண்ணும் எதற்கு என்று தெரியும். இந்தத் துறை வளர்ந்ததற்கு அந்தத் தெளிவு எவ்வளவு உதவியது என்று சொல்லி முடியாது.

சரி, இன்றைக்கு ஒருவர் தன் டர்போ காருக்கு இன்ஜெக்டர் மாற்றுகிறார் என்றால் உண்மையில் என்ன நடக்க வேண்டும்?

முதலில் அளவு. இன்ஜெக்டர் சக்தியைத் தராது. டர்போ தரும் காற்றுக்குத் துணையாகப் போகும், அவ்வளவுதான். நான்கு சிலிண்டர் டர்போ இன்ஜினில் 300 குதிரைத்திறன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டர்போ இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் குடிக்கும் என்று எடுத்துக்கொண்டால், மொத்தம் 81 கிலோ, அதாவது 110 லிட்டரை நெருங்கும். நான்காகப் பிரித்தால் ஒவ்வோர் இன்ஜெக்டருக்கும் நிமிடத்துக்குச் சுமார் 460 சி.சி. ஆனால் இன்ஜெக்டரை முழு நேரமும் திறந்தே வைக்கக்கூடாது. 6000 ஆர்.பி.எம்.மில் ஒரு சுற்று முடிய, அதாவது கிராங்க் இரண்டு முறை சுழல, 20 மில்லி விநாடிதான். அதில் 85 சதவீதத்துக்குள், 17 மில்லி விநாடிக்குள், வேலை முடிய வேண்டும். அதைத் தாண்டினால் ஊசி ஒழுங்காக மூடித் திறக்க இடமிருக்காது. ஆக 540 சி.சி., கடையில் கேட்டால் 550.

பெட்ரோல் அழுத்தத்தை 3 பாரிலிருந்து 4 பாராக ஏற்றினால் போதாதா என்று கேட்பார்கள். ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். மூன்றில் ஒரு பங்கு அழுத்தம் கூட்டினால் கிடைப்பது 15 சதவீதம். பம்ப்புக்கோ அழுத்தம் ஏற ஏற ஊட்டும் திறன் குறையும். பெரிய இன்ஜெக்டரைப் போட்டுப் பழைய பம்ப்பையே விட்டுவைத்தாலும் இதே கதைதான்.

அடுத்தது, பலர் கோட்டைவிடும் இடம். இன்ஜெக்டருக்கு மின்சாரம் போனதும் ஊசி உடனே எழும்பாது. காந்தப் புலம் கூட வேண்டும், ஸ்பிரிங்கை வெல்ல வேண்டும். இந்தத் தாமதம் 14 வோல்ட்டில் ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி. முழு வேகத்தில் 17இல் ஒன்று என்பது பெரிதில்லை. ஐட்லிங்கில் அதுவே எல்லாம். பழைய இன்ஜெக்டர் ஐட்லிங்கில் 2.2 மில்லி விநாடி திறந்தது, அதில் 0.8 தாமதம் என்று கொள்ளுங்கள். பெட்ரோல் போனது 1.4 மில்லி விநாடிக்கு. இரட்டிப்பு அளவுள்ள இன்ஜெக்டருக்கு 0.7 போதும்; ஆனால் அதன் தாமதம் 1.0. ஆகவே ஈ.சி.யூ. கொடுக்க வேண்டியது 1.7. பெரிய இன்ஜெக்டர்தானே, பாதியாக்கிவிடலாம் என்று 2.2ஐ 1.1 ஆக்கினால், பெட்ரோல் போகக் கிடைப்பது 0.1. இன்ஜின் இருமி நின்றுவிடும்.

வோல்ட் குறைந்தால் தாமதம் கூடும். இரவில் ஹெட்லைட்டும் ஏ.சி.யும் ரேடியேட்டர் ஃபேனும் ஒன்றாக ஓடும்போது சிக்னலில் நிற்கும் கார் திணறுகிறதென்றால், வோல்ட் வாரியாகத் தாமதம் எழுதிய பட்டியலில்தான் முதலில் தேட வேண்டும். ஒரு காலத்தில் பெரிய இன்ஜெக்டர் என்றாலே ஐட்லிங் கெடும் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். இன்ஜெக்டரோடு அதன் தாமதம், குறைந்த திறப்பில் அதன் ஓட்டம் எல்லாவற்றையும் அளந்து பட்டியலாகத் தரும் விற்பனையாளர்கள் வந்த பிறகு, 1000 சி.சி. இன்ஜெக்டருடன் கம்பெனிக் கார் போலவே அமைதியாக நிற்கும் கார்களைப் பார்க்கிறோம். அந்தப் பட்டியல் இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் செட்டை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எண்களை எழுதியாகிவிட்டது. இனி ஓட்டிப் பார்க்க வேண்டும், அங்கேயும் ஒரு வலை காத்திருக்கிறது. சாதாரண ஓட்டத்தில் ஈ.சி.யூ. லாம்டா சென்சாரைப் பார்த்துத் தன் தவறைத் தானே திருத்திக்கொள்ளும். பெட்ரோலுக்கு 14.7 மடங்கு காற்று என்ற இலக்கைச் சுற்றியே அது ஓட்டும். கார் நன்றாகத்தானே போகிறது என்று தோன்றும். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்ததும் பல ஈ.சி.யூ.க்கள் அந்தத் திருத்தத்தை விட்டுவிட்டுப் பட்டியலை மட்டும் நம்பும். அப்போது காற்று விகிதம் 11.5, 12 என்ற அளவில் இருந்தால்தான் பிஸ்டன் குளிர்ச்சியோடு தாங்கும். பட்டியல் தவறென்றால் அது வெளிப்படுவது அந்த நொடியில்தான், பூஸ்ட் உச்சத்தில். ஆகையால் நல்ல ட்யூனர் முதலில் மெதுவான ஓட்டத்தில் ஈ.சி.யூ. எத்தனை சதவீதம் திருத்துகிறது என்று பார்த்து, அதைப் பூஜ்யத்துக்கு அருகே கொண்டுவருவார். பிறகே, பூஸ்ட்டைக் குறைத்து வைத்து, காரை நிறுத்தி வைத்தே சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றுவார். இக்னிஷனைப் பின்தள்ளி வைத்துத் தொடங்குவார். காற்று விகிதத்தை எண்ணாகவே காட்டும் வைட்பேண்ட் சென்சாரையும் நாக் சென்சாரையும் பார்த்துக்கொண்டே படிப்படியாக முன்னே கொண்டுவருவார்.

வைட்பேண்ட் பரவலாகும் முன்பு முழு வேகத்தில் ஓட்டி, சட்டென்று இன்ஜினை அணைத்து, கார் உருண்டு நின்றதும் பிளக்கைக் கழற்றிப் பீங்கானின் நிறத்தைப் பார்ப்பார்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரி படிந்திருந்தால் கூடுதல். நுண்ணிய மின்னும் புள்ளிகள் இருந்தால் பிஸ்டனின் அலுமினியம் கரைந்து வந்து ஒட்டியிருக்கிறது. அன்று அதைப் படிக்கத் தெரிந்தவர்களின் கண் பெரிய கருவி. இன்றும் பல பழைய ட்யூனர்கள் கடைசியில் ஒரு தடவை பிளக்கைக் கழற்றிப் பார்க்காமல் காரைக் கொடுப்பதில்லை.

இப்போது டர்போ கார்கள் பல, பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பாய்ச்சுகின்றன. அழுத்தம் 3 பார் போய் 200, 350 பார் என்றாகிவிட்டது. எந்த நேரத்திலும் தெளிக்கலாம் என்ற சலுகையும் போய்விட்டது: காற்று உள்ளே வந்து ஸ்பார்க் விழுவதற்குள் முடிக்க வேண்டும், 6000 ஆர்.பி.எம்.மில் மொத்தமே 10 மில்லி விநாடிக்குள். பெரிய இன்ஜெக்டர் மட்டும் போட்டால் உயர் அழுத்தப் பம்ப் ஈடுகொடுக்காது; பம்ப்பையும் சில இன்ஜின்களில் அதைத் தள்ளும் கேமையும் மாற்ற வேண்டும், செலவு எகிறும். அதனால் பலர் இன்டேக் மேனிஃபோல்டில் பழைய வகை இன்ஜெக்டர்களைக் கூடுதலாகப் பொருத்தி, பூஸ்ட் ஏறும்போது மட்டும் அவற்றைத் தெளிக்கவிடுகிறார்கள். டொயோட்டா போன்றவர்கள் தொழிற்சாலையிலேயே இரண்டு வகையையும் ஒரே இன்ஜினில் வைக்கிறார்கள். தொழிற்சாலையில் வைத்தாலும் தெருமுனைப் பட்டறையில் வைத்தாலும், அந்த இன்ஜெக்டர்களுக்கும் அளவையும் தாமதத்தையும் அளந்து எழுதிய பிறகே சாவியைத் திருப்ப வேண்டும்.